கண்ணியும் கமராவும்

மலைநாட்டுக் காடுகளில் மான் நடந்து, பன்றி நடந்து, மனிதனும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள் பல உண்டு. அப்பாதைகளின் ஓரத்தில் இன்று இரு பொருள்கள் காத்துக் கிடக்கின்றன. ஒன்று, வண்டியின் பிரேக் கம்பியை முறுக்கி, மரக்குற்றி ஒன்றிற் பிணைத்து, நிலத்துக்குச் சற்று மேலே வளையமாகத் தொங்கவிட்ட கண்ணி. மற்றொன்று, மரத்தின் அடியில் முழங்கால் உயரத்தில் வாரினால் இறுகக் கட்டப்பட்ட சிறு பெட்டி. அதனுள்ளே ஒரு கமரா. இரண்டும் ஓசை செய்வதில்லை. இரண்டுக்கும் அருகே ஆள் நிற்பதில்லை. அவ்வழியே வரும் விலங்கை எதிர்நோக்கி இரண்டும் இரவு முழுவதும் விழித்திருக்கின்றன. ஒன்று உயிரைப் பிடிக்கிறது. மற்றொன்று நிழலைப் பிடிக்கிறது.

கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களையும் தன் உறைவிடமாகக் கொண்ட சிறுத்தையின் வருங்காலம், இவ்விரண்டில் எது முந்துகிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. காட்டு விலங்குகளைப் படம் பிடித்தல் செல்வர் சிலரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அஃது எப்போது பொழுதுபோக்காக நின்றுவிடுகிறது, எப்போது ஓர் உயிரினத்தின் வாழ்வுக்குத் துணையாகிறது என்பதை ஆராய்வதற்குக் கண்டியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நகரின் எல்லையிலே

தலதா மாளிகைக்குப் பின்புறம் உயர்ந்து நிற்கும் உடவத்தைக் காட்டைக் கண்டியில் வாழ்வோர் யாவரும் அறிவர். 1856-இல் ஒதுக்குக் காடாகவும், 1938-இற் சரணாலயமாகவும் அமைக்கப்பட்ட அவ்விடம் ஏறத்தாழ 104 ஹெக்டேர் பரப்புடையது. காட்டுப்பன்றியும் கேளையாடும் முள்ளம்பன்றியும் அங்கே உண்டு. சிறுத்தை தங்கி வாழ்வதற்கு அஃது இன்று போதாது. வாவிக்குத் தெற்கே எழும் மலைச்சரிவிலோ கதை வேறு. துனுமடலாவை என்னும் காடு அங்கே ஏறத்தாழ 480 ஹெக்டேர் பரப்பிற் பரந்து கிடக்கிறது. அது தொன்மையான கன்னிக்காடு அன்று. ஒரு காலத்திற் பயிர்த்தோட்டமாக இருந்து, பின்னர்க் கைவிடப்பட்டு, நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களைக் காக்கும் பொருட்டு மாநகர சபையின் பொறுப்பில் விடப்பட்ட நிலம் அது. மனிதன் கை எடுத்துக்கொண்டதும் மரங்கள் மீண்டும் எழுந்தன. மரங்களின் பின்னே மான் வந்தது. மானின் பின்னே சிறுத்தையும் வந்தது.

ஆண்ட்ரூ கிட்டில், அஞ்சலி வாட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் இலங்கைச் சிறுத்தையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். மத்திய மலைநாட்டுச் சிறுத்தை எதை உண்கிறது, எத்தகைய நிலத்தை விரும்புகிறது என்பது பற்றி அவர்களும் அவர்தம் துணைவரும் எழுதிய கட்டுரை 2014-இல் வெளிவந்தது. கண்டியின் குடிநீர்க் காட்டிலும் சிறுத்தை வாழ்வதை அறிவுலகம் அறிந்தது இத்தகைய முயற்சிகளாலேயே. மாலையில் வாவிக்கரையில் உலாவுவோர் தலையை நிமிர்த்தினால் தென்படும் அதே மலையில், இந்நாட்டின் பேருயிர் வேட்டை விலங்கு தன் குட்டிகளை வளர்க்கிறது. அதைக் கண்டவர் அரியர். கண்டது கமரா.

இலங்கையிற் புலி இல்லை, சிங்கம் இல்லை, செந்நாயும் இல்லை. நாயினத்திற் காட்டில் வாழ்வது நரி ஒன்றே. ஆதலின் உணவுச் சங்கிலியின் உச்சியில் சிறுத்தை ஒன்றே தனித்து அமர்ந்திருக்கிறது. இத்தீவுக்கே உரிய அதன் கிளையினத்தை 1956-இற் பி. இ. பி. தெரணியகல அவர்கள் பிரித்தறிந்து பெயரிட்டார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் அதனை அழியும் தறுவாயில் உள்ளவற்றின் வரிசையிற் சேர்த்தது. 2020-இல் நிகழ்ந்த மறுமதிப்பீட்டில் அதற்கு அடுத்த படியாகிய ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவற்றின் வரிசைக்கு மாற்றியது. வரிசை மாறியதால் அச்சம் நீங்கியது என்று கொள்ளலாகாது. தீவு முழுவதிலும் வளர்ந்த சிறுத்தைகளின் தொகை ஆயிரத்தை எட்டாது என்பதே அறிஞர் மதிப்பு.

பிடித்தல் என்னும் சொல்

நம் மொழியில் மீனையும் பிடிக்கிறோம், கள்வனையும் பிடிக்கிறோம், படத்தையும் பிடிக்கிறோம். கமரா நம்மிடம் வந்தபோது மக்கள் அதற்கு வேட்டைக்குரிய சொல்லையே இயல்பாகக் கொடுத்தனர். வரலாறும் அச்சொல்லுக்கு ஒத்தே நடந்திருக்கிறது. காட்டிலே கமரா துப்பாக்கியின் வழித்தோன்றலாகவே நுழைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் வேட்டையாடிய வெள்ளையர் தம் வீரத்தை உயிர்களின் தொகையால் அளந்தனர். மேஜர் ரோஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845-இல் அப்புத்தளைப் பக்கத்தில் இடி விழுந்து அவர் மாண்டார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் வேட்டை நாய்களோடு மானைத் துரத்திய கதையைப் பெருநூலாகவே எழுதி வைத்தார். மட்டக்களப்பு வழியிலே பலரைக் கொன்ற புணானைச் சிறுத்தையை 1924-இற் கப்டன் ஷெல்டன் ஏகர் சுட்டார். அதன் பாடம் செய்த உடல் கொழும்பு அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அக்காலத்து நிழற்படங்களில் விலங்கு எப்போதும் நிலத்திலே கிடக்கும். அதன்மேற் காலூன்றி மனிதன் நிற்பான்.

உயிரோடு உலவும் விலங்கை, அதுவும் இருளிலே, படம் பிடிக்க இயலும் என்று காட்டியவர் அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஷைராஸ். வேட்டையாடி வந்த அவர் துப்பாக்கியை விடுத்துக் கமராவை ஏந்தினார். விலங்கின் கால் பட்டதும் கயிறு இழுபட்டு ஒளி பாயும் வண்ணம் கருவி அமைத்தார். அவருடைய 74 படங்களை 1906-இல் நாஷனல் ஜியோகிராபிக் இதழ் வெளியிட்டது. இந்தியக் காட்டதிகாரியாகிய எப். டபிள்யூ. சாம்பியன் அதே முறையைப் புலிக்குப் பயன்படுத்தினார். புலிநாட்டிற் கமராவோடு அலைந்த கதையை 1927-இல் நூலாக்கினார். இன்று துனுமடலாவையில் மரத்திற் கட்டப்படும் பெட்டிக்கு இவர்களே முன்னோர். அன்றைய கயிற்றின் இடத்தில் இன்று உடற்சூட்டை உணரும் கண் இருக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

தமிழிலக்கியம் பயில்வோர் இவ்விடத்தில் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் அவர்கள், 1912-இற் பிறந்து 1996-இல் மறையும்வரை, தென்னிந்தியக் காடுகளைக் கண்ணாலும் எழுத்தாலும் கறுப்பு வெள்ளைப் படங்களாலும் பதிவு செய்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கமராவைச் சுமந்து அவர் காடு சென்றார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-இலே தொடங்கிய அவரது இயற்கைக் குறிப்புப் பகுதி அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள், நின்றதில்லை. தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரிலே தொகுத்துத் தந்திருக்கிறார்கள். அழகிய படம் பிடித்தவர் பலர் உளர். பார்த்த விலங்கின் ஒழுக்கத்தைப் பிழையறச் சொல்வதற்கே படம் துணை என்று கொண்டவர் சிலர். கிருஷ்ணன் அச்சிலருள் ஒருவர்.

புள்ளியே பெயர்

படம் அழகுக்காக மட்டும் எனின் ஒன்று போதும். ஆய்வாளர் ஆயிரக்கணக்கிற் படம் எடுப்பது ஏன்?

இதற்கு விடையை ஆபிரிக்காவின் காட்டுநாய் எளிதில் விளக்கும். நீண்ட கால்களும் அகன்று வட்டமான காதுகளும் உடைய அவ்விலங்கின் உடம்பில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் சிதறிக் கிடக்கும். அறிவியலார் அதற்கு இட்ட பெயருக்கு வண்ணந் தீட்டிய ஓநாய் என்பதே பொருள். ஒன்றின் திட்டுக்கள் மற்றொன்றிற்கு வாய்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஆபிரிக்கக் கண்டத்திற் பரவி வாழ்ந்த அவ்வினம் இன்று ஏறத்தாழ 6,600 என்னும் தொகைக்குச் சுருங்கிவிட்டது. உரிய காட்டை இழந்தமையும், வளர்ப்பு நாய்களிடமிருந்து தொற்றும் நோயும், வேறு விலங்குக்கு வைத்த கண்ணியும் அதனைக் குறைத்தன. தென்னாபிரிக்காவின் க்ரூகர்ப் பூங்காவில் 1980-களின் இறுதியில் அவற்றை எண்ண முற்பட்ட அறிஞர்கள், பூங்காவைக் காண வந்த பொதுமக்கள் பிடித்த படங்களையே திரட்டினர். சுற்றுலாப் பயணி தன் வீட்டுச் சுவருக்கென்று எடுத்த படம், இன்ன நாய் இன்ன நாளில் இன்ன இடத்தில் உயிரோடிருந்தது என்னும் சான்றாயிற்று.

சிறுத்தையின் நிலையும் அதுவே. அதன் மேனியிற் பூப்போலத் திரண்ட புள்ளிக் கூட்டங்கள் நம் கைவிரல் ரேகையைப் போன்றவை. வலப்புறத்துப் புள்ளியும் இடப்புறத்துப் புள்ளியும்கூடத் தம்முள் ஒவ்வா. ஆகவேதான் பாதையின் இருமருங்கிலும் எதிரெதிராக இரு கமராக்களை வைக்கின்றனர். விலங்கு நடுவே நடக்கும்போது இருபக்கமும் ஒருங்கே பதிவாகின்றன. எண்ணும் முறையும் எளிது. முதற் பருவத்திற் பத்துச் சிறுத்தைகள் படத்தில் அகப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பருவத்திலும் பத்து அகப்பட, அவற்றுள் ஐந்து முன்னரே அறிந்தவையாயின், நாம் அறிந்தவை மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி என்று துணியலாம். எனவே அக்காட்டில் இருபது வரை இருக்கக்கூடும். இக்கணக்கை மேலும் நுட்பமாக்கி, நாகரகொளைப் புலிகளை எண்ணும் முறையை 1995-இல் வெளியிட்டவர் கருநாடக அறிஞர் உல்லாஸ் கரந்த். அதற்கு முன் காலடித் தடம் பார்த்து எண்ணிய தொகைகள் பல, எண்ணியவரின் விருப்பத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் நின்றன.

செந்நாய்க்கு இந்த வாய்ப்பும் இல்லை. சங்கப் புலவர் பாலை நிலத்திலே கண்டு பாடிய அவ்விலங்கு நீலகிரி, முதுமலைப் பக்கங்களில் இன்றும் கூட்டமாய் வேட்டையாடுகிறது. அதன் செம்மேனியிற் புள்ளி இல்லை. ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். படத்தினால் ஒவ்வொன்றையும் பிரித்தறிதல் அரிது. மானை அழிக்கும் கொடிய பிராணி என்று பழிசுமத்தி, கொன்றவர்க்குப் பரிசுப் பணம் கொடுக்கும் வழக்கம் 1972-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது. தனிமுகம் அறியப்படாத உயிரைக் கொல்வது எவ்வளவு எளிதென்பதற்கு அஃதொரு சான்று.

உண்டு என்று காட்டல்

இல்லையென்று எழுதி முடித்த உயிரை உண்டென்று நிறுவுவதும் படத்தின் தொழிலாகும். ஹோட்டன் சமவெளியின் தேவாங்கை அழிந்ததோ என்று அறிஞர் ஐயுற்றிருந்தனர். உறங்குவதுபோல் அசையாது கிளையைப் பற்றி நிற்கும் அதன் படம் 2010-இல் உலகெங்கும் வெளியானது, ஐயம் அகன்றது. அதே ஆண்டில் ஹோட்டன் சமவெளியும், சிவனொளிபாத மலைக் காடும், கண்டிக்குக் கிழக்கே நிற்கும் தும்பறை மலைத்தொடரும் ஒருங்கே உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

கருஞ்சிறுத்தையின் கதை இதனினும் துயரமானது. இந்நாட்டு மலைகளிற் கருஞ்சிறுத்தை உண்டென்பது அண்மைக் காலம் வரை பெரும்பாலும் இறந்த உடல்களைக் கொண்டே அறியப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வாளர் வைத்த கமராவில், உயிருள்ள கருஞ்சிறுத்தை ஒன்று அசைந்து நடப்பது பதிவாகி, 2020-இன் தொடக்கத்தில் நாடு அறிய வெளியானது. சில மாதங்களே சென்றன. அவ்வாண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியிற் சிக்கியது. மீட்டார்கள், உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தார்கள், சில நாட்களில் அஃது இறந்தது. அக்கண்ணி சிறுத்தைக்கென்று வைத்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பன்றிக்கு வைத்த கம்பி, வந்த விலங்கு எதுவாயினும் இறுக்கும். அகப்பட்டது திமிறத் திமிறக் கம்பி உள்ளே இறங்கும். வெளியிலே சிறு காயமாய்த் தோன்றுவது உள்ளே உறுப்புகளை நசுக்கியிருக்கும். ஆதலின் அவிழ்த்துவிட்டாலும் பல பிழைப்பதில்லை.

கமரா வேறொரு காட்சியையும் நமக்குக் காட்டியிருக்கிறது. 2018 ஜூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஊரார் அதனை அடித்தே கொன்றனர். அதைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்தவர்களும் அவ்விடத்திலேயே நின்றனர். அப்படங்கள் பரவியதனால் நாடெங்கும் கண்டனம் எழுந்தது, சிலர் கைதாயினர். காயமுற்றவர்களின் அச்சம் பொய்யன்று. அவர்கள் பட்ட நோவை நாம் சிறிதாக்கவும் வேண்டா. ஆயினும் இறந்த விலங்கைச் சூழ்ந்து நின்று படம் பிடித்த அந்தக் கைகள், ரோஜர்ஸ் காலத்துப் படங்களை நினைவூட்டாமற் போகவில்லை. கருவி புதியது, பார்வை பழையது.

படம் பிடிப்போரின் பொறுப்பு

கமரா கொண்டு சென்றவர் அனைவரும் காட்டின் நண்பர் என்று எழுதிவிடுதல் எளிது, அஃது உண்மையாகாது. யாலப் பூங்காவிற் சிறுத்தை ஒன்று பாதையோரம் தென்பட்டதென்று செய்தி பரவினால், ஜீப் வண்டிகள் புழுதி கிளப்பி ஒன்றையொன்று முந்தி வந்து நெருக்குகின்றன. தாகத்தோடு நீர்நிலைக்கு வந்த விலங்கு நீரருந்தாமலே திரும்புகிறது. இரவிலே வாழும் தேவாங்கின் பெருங்கண்களில் மின்னொளியை மீண்டும் மீண்டும் பாய்ச்சுதலும், கூட்டிலிருக்கும் பறவையை எழுப்பிப் பறக்கச் செய்து படமெடுத்தலும் இவ்வகையினவே.

தும்பறை மலையிலே இதனினும் நுண்ணிய கேடு ஒன்று உண்டு. மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்புடைய ஓணானும், 2006-இற் புதிதாக விவரிக்கப்பட்ட குள்ளப் பல்லியோந்தி ஒன்றும் உலகில் அம்மலையிலன்றி வேறெங்கும் இல்லை. செல்லப் பிராணியாக விற்பதற்கென்று இத்தகையவற்றைக் களவாக அயல்நாடுகளுக்குக் கடத்துவோர் உண்டு. இலங்கையின் வேண்டுகோளினால் 2019-இல் அனைத்துலக வாணிப ஒப்பந்தம் இவற்றையும் இவற்றின் உறவினங்களையும் தன் பாதுகாப்புப் பட்டியல்களிற் சேர்த்தது. இன்றைய கைத்தொலைபேசியோ, படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தையும் தானே எழுதிக்கொள்கிறது. ஆர்வத்தினால் ஒரு மாணவன் வெளியிடும் படம், கள்வனுக்கு வழிகாட்டும் வரைபடமாகிவிடக் கூடும். எனவே இடத்தை மறைத்தலும் படக்கலையின் ஒழுக்கங்களில் ஒன்றாயிற்று.

தேயிலை மலைகளில் அடிக்கடி நிகழ்வது மற்றொன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் அடியிற் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பதுண்டு. அவை கைவிடப்பட்டவை என்று கருதி எடுத்து வந்து மடியில் வைத்துப் படம் பிடித்தல் பெருந்தவறு. தாய் இரைதேடப் போயிருக்கும். ஆள் அரவம் அடங்கியதும் குட்டிகளை வாயிற் கவ்விக்கொண்டு வேறிடம் செல்லும். அந்த நிரையை அன்றைக்கு விட்டுவிட்டு, திணைக்களத்துக்குத் தெரிவித்துவிட்டு, விலகி நிற்பதே அறிவு. தாய்க்கும் நல்லது, பறிப்பவர்க்கும் நல்லது.

பாதையை அறிந்தவர்கள்

இத்தனையும் கூறிய பின்னரும் தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசாவிடின் இக்கட்டுரை பாதியில் நின்றதாகும்.

கண்டிக்கு அணித்தான லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் தேயிலையை வாணிபப் பயிராக நட்டார். அதற்கு முன்னரே கோப்பிக்கென்று மலைக்காடுகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவர்கள், தென்னகத்திலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் கால்நடையாய் வந்த நம் மக்கள். வழியிலே காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர் போக எஞ்சியவர்கள், சிறுத்தையின் காட்டிற்குள்ளேயே லயங்களிற் குடியேற்றப்பட்டனர். விலங்கின் வீட்டிலே மனிதன் புகுந்தான் என்று சிலர் குற்றம் சொல்வர். புகுந்தவன் தன் விருப்பத்தினாற் புகவில்லை. வெட்டிய காட்டின் இலாபம் அவன் கைக்கு வரவும் இல்லை.

1870-களிற் கண்டியிலேயே ஸ்கோவன் என்பாரின் நிழற்படக் கூடம் இருந்தது. புகழ்வாய்ந்த நிழற்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 1875-இல் இலங்கை வந்து, 1879-இல் மலைநாட்டிலேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர்கள் காலத்துப் படங்களில் நம்மவரின் முகங்கள் உண்டு. அம்முகங்களின் கீழே பெயர் இருப்பது அரிது. கூலி என்றோ தமிழ்ப்பெண் என்றோ பொதுச்சொல் ஒன்று நிற்கும். பின்னர் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அக்குறை முற்றும் தீரவில்லை. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. எண்ணப்படாமலும் பெயர் சொல்லப்படாமலும் இருப்பது என்ன என்பதை இம்மக்களைவிட நன்கறிந்தவர் இல்லை என்பதே கருத்து. ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளியைப் பார்த்து இலக்கம் இடும் ஆய்வு, அதே பாதையில் விடியற்காலையிற் பெரட்டுக்கு நடந்து செல்லும் தொழிலாளியை ‘உள்ளூர்வாசி’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடின், அதில் நீதி குறைவுபடும்.

கண்ணியை வைப்பவனும் பெரும்பாலும் கொடியவன் அல்லன். லயத்தின் பின்னே கையகல மரக்கறித் தோட்டம். ஓரிரவிற் பன்றிக் கூட்டம் அதனைக் கிளறி எறிந்துவிடும். நாட்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அஃதொரு சிறு இழப்பன்று. பழைய பிரேக் கம்பிக்கோ விலையில்லை. இறைச்சிக்காகக் கண்ணி வைத்து விற்போரும் இருக்கின்றனர். அவர்மேற் சட்டம் பாய வேண்டியதே. 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. தன் கிழங்கையும் போஞ்சியையும் காக்க முனைந்தவனை அவரோடு ஒரு தட்டில் நிறுத்துவது பொருந்தாது. அவனுக்கு வேண்டியது வேலி. பாதையிலே விளக்கு, இரவில் நாயை அடைக்கச் சிறு கூண்டு, லயத்தருகே குப்பை சேராமை: இவை இருப்பின் சிறுத்தை வீட்டு வாசலுக்கு வரும் காரணமே பெரிதும் குறையும். தோட்ட நிர்வாகங்கள் இவற்றைச் செய்ய மனங்கொண்டால், ஒரு கமராவின் விலைக்குள் ஒரு லயத்துக்குப் பல நன்மை செய்யலாம்.

சிறுத்தையாலும் தோட்டத்துக்கு நன்மை உண்டு. பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் மரையையும் அது உண்கிறது. அதனை அழித்துவிட்டுப் பன்றி பெருகிவிட்டதென்று வருந்துவது, காவலாளியைத் துரத்திவிட்டுக் கள்வனை நோவது போன்றது. மலைமுகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளே சிறுத்தை ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் செல்லும் வழி. அவையே நம் குடிநீரின் ஊற்றும். அந்தானை மலைத்தொடர் 2010-இற் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது சிறுத்தைக்காக மட்டும் அன்று. கீழே வாழும் நமக்காகவுமே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். 2021 முதல் ஆகஸ்ட் முதலாம் நாள் இலங்கைச் சிறுத்தை நாளாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளில் மலைநாட்டுப் பாடசாலைகளிற் பேச்சுப் போட்டி வைப்பது நன்றே. அதனினும் நன்று ஒன்று உண்டு. அயற்காட்டிற் கமரா பதிந்த இரு படங்களை, இடப்பெயர் சொல்லாமல், மாணவர்முன் வையுங்கள். இரண்டும் ஒரே சிறுத்தையா, வேறு வேறா என்று புள்ளிகளைப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும். தோளருகே உள்ள ஒரு புள்ளிக் கூட்டத்தைத் தேர்ந்து, அதன் வடிவத்தை மற்றப் படத்திலே தேடும்போது, ‘ஒரு சிறுத்தை’ என்னும் பொதுச்சொல் மறைந்து, ‘இந்தச் சிறுத்தை’ என்னும் அறிவு பிறக்கும். அவ்வறிவு பெற்ற பிள்ளை வீட்டிற்குச் சென்று தந்தையோடு பேசும் பேச்சு, எந்த அறிவித்தற் பலகையைக் காட்டிலும் வலியது.

இன்னொன்று ஆய்வு செய்வோர்க்கு. பன்றி எந்த மேட்டில் இறங்கும், எந்தக் கானுவைத் தாண்டும், மழை விட்டபின் எவ்வழியே திரும்பும் என்பதைக் கண்ணி வைத்தவன் அறிந்த அளவுக்குப் பட்டம் பெற்றவர் அறிவதில்லை. தகுந்த இடத்திற் கமராவைக் கட்டுவதற்கு வேண்டிய அறிவும் அதுவே. மலைநாட்டிற் சிறுத்தை ஆய்வு தழைக்க வேண்டுமாயின், பாதையை அறிந்த அந்த மனிதன் வழிகாட்டியாகவும், ஊதியம் பெறும் துணைவனாகவும், தான் கண்டறிந்தவற்றின் கீழ்த் தன் பெயர் எழுதப்படக் காண்பவனாகவும் ஆக வேண்டும். அன்று அவன் கையிலிருக்கும் கம்பி தானாகவே கீழே விழும். அதே மரத்தடியில், அதே உயரத்தில், அவன் கையால் வாரை இறுக்கிக் கட்டுவான்.